தலைகீழாக வாசித்த வீடு

“டீச்சரம்மா, ஒரு கொடியில ஒரு பூசணி பெருசா காய்ச்சிருச்சின்னா மத்ததெல்லாம் பிஞ்சுலயே வெம்பிப் போயிரும். தோட்டம் போட்ட எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம். ஒனக்குத்தான் தெரியல.”

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை இதைச் சொன்னபோது கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகையில் பெண்கள் கூடைகளோடு வரிசையில் நின்றார்கள். எல்லாரும் சிரித்தார்கள். வரிசையில் என் அம்மாவும் நின்றாள். அவளும் சிரித்தாள். கணக்கப்பிள்ளையை மன்னித்தாலும் மன்னிப்பேன். அந்தச் சிரிப்பை மன்னிக்க எனக்கு ஒரு கிழமை, ஏழு முழு நாள், பிடித்தது.

நான் கேட்கப் போனது சின்ன விஷயம். என் தங்கைக்குப் பன்னிரண்டு வயது முடிந்திருந்தது. எங்கள் தோட்டத்தில் அந்த வயது வந்ததும் வேலைக்குப் பேர் பதிந்துவிடுவார்கள். பேர் பதிந்தால் மறுநாளே கூடையும் கயிறும்தான். அப்படிப் போன பிள்ளை திரும்பவும் புத்தகத்தைத் தொட்டதாக எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாருக்கும் நினைவில்லை. டிசம்பரில் மாத்தளை மிஷன் பெண்கள் பாடசாலையில் ஆறாம் வகுப்புக்குப் பிள்ளைகளைச் சோதித்து எடுப்பார்கள். தேறினால் விடுதியில் இடம், சாப்பாடு எல்லாம் மிஷன் பொறுப்பு. அதுவரைக்கும் அவள் பேரைப் பதியாதீர்கள் என்றுதான் கேட்டேன். அதற்குத்தான் பூசணிக்காய் வந்தது.

பெருசாகக் காய்த்த பூசணி நான். எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள். மிஷன் கோயிலில் நான் பாடியதைக் கேட்ட போதகரின் மனைவி ஐயரம்மா என்னை மாத்தளைக்குக் கூட்டிக்கொண்டு போய் அதே பாடசாலையில் சேர்த்தார். அங்கே இருந்து எஸ்.எஸ்.ஸி. பரீட்சை தேறிக்கொண்டு, காலில் செருப்போடு, முழங்கை வரை கையுள்ள சட்டையோடு தோட்டத்துக்குத் திரும்பி வந்தேன். வந்து என்ன? சர்க்கார் பாடசாலையில் படிப்பிக்க இலங்கைப் பிரஜாவுரிமை வேண்டும், இந்தியாவிலிருந்து வந்த தோட்டத்துச் சனம் எங்களுக்கு அது இல்லை. தோட்டத்துப் பாடசாலை மூடிக்கிடந்தது. இருந்த வாத்தியார் வேறு தோட்டத்துக்குப் போனதும் துரை அந்தக் கட்டடத்தில் உர மூட்டைகளை அடுக்கிவிட்டார். வாசிப்புப் புத்தகங்களை எலி தின்றது. அந்த வேலையை எனக்குத் தாருங்கள் என்று ஆபீசுக்குப் போய்க் கேட்டேன். “ஆம்பள வாத்தியார் ஒருத்தர் வாறார்” என்றார்கள். அவர் வந்துகொண்டே இருக்கிறார். இன்னும் வந்து சேரவில்லை.

எனக்குப் பிறகு வீட்டில் எட்டுப் பேர். அப்பா தேயிலைச் செடியைக் கத்தரித்துக் கவ்வாத்து வெட்டுகிறவர், அம்மா கொழுந்து எடுக்கிறவள். விடிந்ததும் இருவரும் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு ஒரே அறையான காம்பராவும், அதன் முன்னால் ஒரு இஸ்தோப்புத் திண்ணையும், எட்டுப் பிள்ளைகளும், நானும். உர மூட்டைக்குள் போய்விட்ட பாடசாலையை நான் இஸ்தோப்பில் வைத்தேன்.

படித்த பெண்கள் வீட்டில் தம்பி தங்கைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதைப் பற்றி அழகாக எழுதுவார்கள் என்று நினைக்கிறேன். எனக்கு அந்த அழகு கிடைக்கவில்லை. மூன்று பேருக்கு ஒரு சிலேட்டு. ஒருவன் எழுதி முடிக்குமுன் அடுத்தவள் எச்சில் தொட்டு அழித்துவிடுவாள். இரட்டையர் இரண்டு பேரும் வெண்கட்டியைத் தின்றார்கள். “ஏன்டா தின்ன?” என்றால், “அவன் தின்னான்” என்று இருவரும் ஒரே நேரத்தில் மற்றவனைக் காட்டுவார்கள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் பெருக்கல் சொல்லிக் கொடுத்தேன். ஏழாம் வாய்ப்பாட்டுக்கு வரும்போது அது என் பின்னலைப் பிடித்து இழுக்கும். ரிவர்ஸ்டன் மலைப் பக்கத்திலிருந்து மஞ்சு மூட்டம் இறங்கிவிட்டால் இஸ்தோப்பில் சிலேட்டுகூடத் தெரியாது. எல்லாரும் உள்ளே போய் அடுப்பைச் சுற்றிக் குந்திவிடுவார்கள். அதற்குப் பிறகு யார் படிப்பது?

இதற்கு நடுவில் பக்கத்துக் காம்பரா அக்கா தன் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“தங்கச்சி, நீ சும்மாதானே இருக்க. இவனையும் செத்த பாத்துக்க.”

“நான் சும்மா இல்லக்கா. படிச்சுக் குடுக்கிறேன்.”

“அதான், ஒக்காந்துதானே இருக்க” என்று சொல்லி, மூக்கு ஒழுகுகிற அந்தப் பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

தங்கைக்கு அடுத்த தம்பிக்குப் பத்து வயது. அவன் படிப்பதைவிடக் கேள்வி கேட்பதில்தான் கெட்டிக்காரன். “அக்கா, நீ இவ்வளவு படிச்சு இங்கதானே இருக்க? நாங்க படிக்காமயே இங்க இருக்கோமே?” அவனை அடித்தேன். அடித்துவிட்டு ஏழாம் வாய்ப்பாட்டைத் திரும்பச் சொல்ல வைத்தேன்.

அப்பாவோடு ஒரு பேச்சு முடிந்திருந்தது. கணக்கப்பிள்ளையிடம் அவரே போய் நின்று, வருடக் கடைசிவரை தங்கை பேரைப் பதியாமல் வைக்கச் சொன்னார். திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: “தேறுனா போகட்டும். தேறலைன்னா தை பொறக்குறதுக்கு முன்ன பெரட்டுல நிக்கணும். அப்புறம் நீ ஒரு வார்த்த பேசக்கூடாது. இத்தன வயித்துக்கு ரெண்டு கை பத்தல.” அது நியாயம்தான். நியாயமாக இருந்ததால்தான் எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

எனக்கு அந்த நாட்களில் வேண்டியிருந்தது ஒரே ஒரு வார்த்தை. “நீ செய்கிறது வீண் போகாது” என்று யாராவது சொல்ல வேண்டும். லயத்தில் யாரும் சொல்லமாட்டார்கள். ஆகவே மாதம் ஒருமுறை இரத்தோட்டையிலிருந்து ஜெபத்துக்கு வரும் உபதேசியாரிடம் அதை எதிர்பார்த்தேன். அவர் எங்கள் வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, ரொட்டியைச் சம்பலில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார்.

“எனக்கு ஏலாம இருக்கு உபதேசியார். எட்டுப் பேர வச்சுக்கிட்டு ஒருத்தியால முடியுமா?”

“கர்த்தர் பெரிய குடும்பத்தக் குடுத்திருக்காரு. அத ஆசீர்வாதம்னு எடுத்துக்கணும்.”

“அவரு குடுத்தது அப்பாவுக்கும் அம்மாவுக்கும். எனக்கில்ல.”

நான் பகிடி சொன்னதாக நினைத்து அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். இன்னொரு ரொட்டி கேட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன். இருந்த கடைசி ரொட்டியை அம்மா அவர் தட்டில் வைத்தாள்.

ஆனால் அன்று மாலை ஜெபம் முடிந்ததும் அவர் ஒன்று சொன்னார். “இந்த ஊட்டுப் புள்ளைக மாதிரி வேதம் வாசிக்கிற புள்ளைகள நம்ம சபைச் சேகரத்துலயே நான் பாத்ததில்ல.” அந்த ஒரு வாக்கியத்தை நான் மாதக்கணக்கில் வைத்துக்கொண்டு பிழைத்தேன்.

அது எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் மாலை ஜெபம் தவறாது. அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் பிள்ளைகள் வாசிக்க அவர் கேட்க வேண்டும். விளக்குப் பக்கத்தில் வேதத்தை அவரே இரண்டு கையிலும் ஏந்திப் பிடிப்பார். வாசிக்கிற பிள்ளை அதன் முன்னால் நிற்கும். வாசிக்கும் வயது வந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்பா வேதத்திலிருந்து ஒரு சங்கீத அதிகாரத்தைக் கொடுத்திருந்தார். அவனவன் சங்கீதம், அவளவள் சங்கீதம். கேட்டுக் கேட்டு அவருக்கே பழகிவிட்டதால் ஒரு சொல் தவறினாலும் “ம்ஹூம்” என்பார். தங்கைக்கு மட்டும் ஏழெட்டு. அவள் நிமிர்ந்து நின்று, ஓரிடத்திலும் தட்டாமல், ஏற்ற இறக்கத்தோடு வாசிப்பாள். அப்பா கண்ணை மூடிக்கொள்வார்.

வீட்டில் இருந்த ஒரே புத்தகமும் அதுதான். என் பாடப் புத்தகங்கள் மிஷன் பாடசாலைச் சொத்து, திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆகவே எழுத்துப் பழகியதும் பிள்ளைகளுக்கு வாசிப்பும் அதிலேதான், சொல்வதெழுதுதலும் அதிலேதான். தங்கை பலமுறை பார்த்தெழுதிய தன் சங்கீதங்களில் சொல்வதெழுதுதல் வைத்தால் பிழையே விடமாட்டாள். கையெழுத்து அச்சுப்போல இருக்கும்.

ஒன்பது வயது நடுத்தங்கை ஒருத்திதான் எனக்குத் தலைவலி. நல்ல சிறிய சங்கீதங்கள் எல்லாம் மற்றவர்களுக்குப் போய்விட்டதால் அவளுக்கு நீளமான ஒன்று வாய்த்தது. எழுத்துக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக முட்டி முட்டிப் போவாள். நேற்று வாசித்ததையே இன்றும் புதிதாக வாசிப்பாள். தம்பி அவளுக்கு ‘நத்தை’ என்று பேர் வைத்தான். “அத விட்டுரு, அடுத்த ஆளு” என்று அப்பாவே பல நாள் நடுவில் நிறுத்திவிடுவார். நானும் அவளை விட்டுவிட்டேன். டிசம்பருக்குத் தங்கையைத் தயார் செய்ய வேண்டியிருந்தது. நத்தையோடு நடக்க எனக்கு நேரம் இல்லை.

டிசம்பரில் தங்கைக்குத் தலை வாரி, என் பழைய சட்டையைச் சுருக்கித் தைத்துப் போட்டு, இறக்கத்தில் நடந்து போய் பஸ் பிடித்தோம். பஸ்ஸில் மிளகு மூட்டைக்கும் ஒரு ஆட்டுக்கும் நடுவில் நின்றாள். அவளுக்குப் பயமே இல்லை. நான்தான் வாய்ப்பாட்டை மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.

பிரின்சிபல் அம்மா என்னைப் படிப்பித்தவர். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. கணக்கில் தங்கை பரவாயில்லை. பிறகு வேதத்தைத் திறந்து ஒரு பக்கம் கொடுத்தார். அது அவளுடைய சங்கீதங்களில் ஒன்று. மணி போல வாசித்தாள். பக்கத்தில் இருந்த இன்னொரு டீச்சர் “அடடா” என்றார். நான் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பிறகு பிரின்சிபல் அம்மா நாலாம் வகுப்பு வாசிப்புப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். நெல் விதைப்பதைப் பற்றிய பாடம். தங்கை அதை இரண்டு கையிலும் வாங்கினாள். முதல் எழுத்தைப் பார்த்தாள். நிமிர்ந்து நின்று, அதே ஏற்ற இறக்கத்தோடு, அந்த எழுத்தில் தொடங்குகிற ஒரு சங்கீதத்தைச் சொல்லிக்கொண்டே போனாள். கண் வரிகளின் மேல் ஒழுங்காக நகர்ந்தது. வரி முடியுமிடத்தில் மூச்சு எடுத்தாள். பக்கம் முடிந்ததும் தாளைக்கூடத் திருப்பினாள்.

பிரின்சிபல் அம்மா அவளை நிறுத்தவில்லை. முடிந்த பிறகு, “நீங்க சொன்னது எந்த வரியில இருக்கு மகள்?” என்று மெதுவாகக் கேட்டார். தங்கை விரலை வைத்துக் காட்டினாள். அந்த இடத்தில் நாற்று மேடை என்று இருந்தது.

அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “பிள்ளைக்கு அருமையான ஞாபகம். வாசிப்பு இன்னும் வரவில்லை. ஏப்ரலில் முதலாம் தவணை முடியும்போது இன்னொரு தடவை பார்ப்பேன். ஒரு இடம் வைத்திருக்கிறேன். அதற்கு மேல் வைக்க முடியாது” என்றார்.

இரத்தோட்டை பஸ்ஸில் ஏறியதும் என்னால் அடக்க முடியவில்லை.

“ஏன்டி எனக்குச் சொல்லல?”

“என்னா சொல்லணும்?”

“வாசிக்கத் தெரியாதுன்னு!”

அவள் என்னைத் திகைத்துப் பார்த்தாள். “தெரியும்க்கா. புத்தகத்தப் பாத்துக்கிட்டே சொல்றதுதானே வாசிக்கிறது? நல்லா வாசிக்கிறேன்னு நீதானே சொன்ன?”

முன்னால் இருந்த சிங்கள அம்மா திரும்பி, பிள்ளையை ஏன் அழவைக்கிறாய் என்று கேட்டாள். தங்கை அழவில்லை. அவள் கேள்வி சுட்டியது என்னைத்தான்.

அன்று மாலை ஜெபத்தில் அப்பா வழக்கம்போல வேதத்தை ஏந்தினார். “இங்க குடுங்க” என்று நான் வாங்கி, தலைகீழாகத் திருப்பிப் பிடித்தேன். முதலில் தம்பியைக் கூப்பிட்டேன். வந்தான். கைகட்டி நின்றான். தன் சங்கீதத்தை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை ஒரு சொல் விடாமல் வாசித்தான். ஏழு வயதுக்காரனைக் கூப்பிட்டேன். அவனும் வாசித்தான். அவனுக்கு அடுத்தவளும் அப்படியே. தலைகீழாக இருக்கிறது என்று ஒரு பிள்ளைக்கும் தோன்றவில்லை. நான் எத்தனை நாள் தொண்டை கிழியக் கத்தியிருப்பேன்! அந்த எல்லா நாளும் என் கண் முன்னால் தலைகீழாக நின்றது.

அப்பாவுக்கு விளங்க நேரம் எடுத்தது. “அப்ப, நான் இத்தன நாளா கேட்டது?” என்றார்.

அம்மா அடுப்புப் பக்கத்திலிருந்து, “வசனம் வசனந்தானே. புத்தகத்தத் தலகீழா புடிச்சா கர்த்தருக்குக் காது கேக்காதா?” என்றாள்.

“அவருக்குக் கேக்கும்மா. மாத்தளையில கேக்காது” என்றேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். கைக்குழந்தை அழத் தொடங்கியது. எல்லாரும் எழுந்துவிட்டார்கள். அப்போதுதான் நடுத்தங்கை மிச்சம் என்பது நினைவுக்கு வந்தது. வெறுப்போடு அவளையும் கூப்பிட்டேன். வந்து நின்றாள். விரலை நீட்டினாள். நீட்டிய விரல் அப்படியே நின்றது.

“அக்கா, புத்தகம் தலகீழா இருக்கு.”

அப்பா என் கையிலிருந்த புத்தகத்தை எட்டிப் பார்த்தார்.

புத்தகத்தை நேராக்கி, அவளுடையது இல்லாத ஒரு பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். முட்டி முட்டிப் போனாள். ஆனால் போனாள். அதுவும் எங்கேயோ கேட்டதாக இருக்கும் என்று எனக்குச் சந்தேகம். கேட்டிராத ஒன்று வேண்டும். சுற்றிப் பார்த்தேன். எங்கள் காம்பராச் சுவர் முழுக்கப் பழைய பத்திரிகைத் தாள். குளிர் புகாமல் இருக்க அம்மா ஒவ்வொரு வருடமும் கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு முன்னால் மாக்கூழ் காய்ச்சி ஒட்டுவாள். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயா வீட்டிலிருந்து வாங்கிவரும் தாள்; அவளுக்கு எழுத்துத் தெரியாததால் சிலது நேராக, சிலது பக்கவாட்டில், பெரும்பாலும் தலைகீழாக. நானும் அந்தச் சுவரைச் சுவர் என்றே நினைத்திருந்தேன். வாசிக்கக்கூடிய ஒன்று என்று ஒருநாளும் நினைக்கவில்லை.

“அதுல ஒண்ண வாசி.”

அவள் பாயில் மண்டியிட்டு, கழுத்தைத் தோள்வரைக்கும் சாய்த்து, சுவரில் விரலை வைத்தாள்.

“கா... ண... காணவில்லை. சி... வப்புப் பசு. நெற்... நெற்றியில் வெள்ளைச் சுட்டி. ஒரு கொம்பு உ... டைந்தது. கலே... கலேவெலச் சந்தையில்... கண்டவர்கள்...” நிறுத்தினாள்.

“கண்டவங்க என்னா?” என்றான் தம்பி.

“தெரியல. மேல வேற தாள் ஒட்டியிருக்கு.”

“பிய்ச்சுப் பாருடி.”

“செவுத்துல கைய வச்சீங்க, கைய ஒடிச்சுப்புடுவேன்!” என்றாள் அம்மா. “குளுரு அடிச்சா ஒங்க பசு வந்து மறைக்குமாக்கும்?”

“மாடு கெடச்சிச்சா அக்கா?” ஏழு வயதுக்காரன் என் பாவாடையைப் பிடித்து இழுத்தான். “கெடச்சிருக்கும்ல?” இரட்டையரில் ஒருவன் விம்ம ஆரம்பித்துவிட்டான். வேதத்தில் எத்தனையோ ஆடுகள் காணாமல் போயிருக்கின்றன. அவை கிடைத்துவிடும் என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். இந்த மாட்டின் முடிவு யாருக்கும் தெரியாது. எழுத்துக்குள் தங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கும் என்பது அந்தப் பிள்ளைகளுக்கு அன்றுதான் தெரிந்தது.

நான் மூலையில் போய் உட்கார்ந்தேன். எட்டுப் பேரில் ஒருத்திக்கு வாசிப்பு வந்திருக்கிறது. எனக்குப் பெருமை தந்தவர்கள் ஒருவருக்கும் வரவில்லை. நான் கைவிட்டவளுக்கு வந்திருக்கிறது. எரிச்சலில் அழுதேனா, சிரித்தேனா என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் அவளுக்கு வேறு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த எழுத்துகளை நான்தான் கொடுத்தேன். ஒரு உபதேசியாரும் சொல்லாததைக் கொம்பு உடைந்த ஒரு பசு எனக்குச் சொல்லிவிட்டது.

அந்த வருடம் நத்தாருக்கு அம்மா கூழ் காய்ச்சியபோது ஒரு சின்ன மாற்றம் நடந்தது. ஒவ்வொரு தாளையும் நடுத்தங்கையிடம் நீட்டி, “இந்தா நத்த, இதுல எது தல, எது காலுன்னு பாத்துச் சொல்லு” என்றாள். சொன்ன பிறகுதான் ஒட்டினாள். என்னிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பழைய பசுத் தாளைக் கிழிக்க விடாமல் பிள்ளைகள் அதன் முன்னால் நின்றுகொண்டதால் அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டாள்.

தங்கை மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. நாலாம் நாள் நான் மலைநீர் விழும் பீலியிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு வரும்போது, உள்ளே சுவரோடு முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றாள். குளிக்கிற சவர்க்காரத்தின் விளம்பரம். “ச... வ... சவ...” அவளுக்குப் பின்னால் நத்தை கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். “ஊகிக்காத. எழுத்தப் பாரு” என்றாள், நான் பேசுவதுபோலவே, அதே வெடுவெடுப்போடு. இருவரும் சண்டை பிடித்தார்கள். நான் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வெளியே நின்றுகொண்டேன்.

ஏப்ரலுக்குள் வந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. ஞாபகசக்தி இருக்கிறவளுக்குப் பழைய வழக்கத்தை விடுவதுதான் கஷ்டம். விட்டால் வேகமாக வரும். ஆனால் அப்பா பேசிவைத்த கெடு டிசம்பரோடு முடிந்திருந்தது.

புதுவருடம் பிறந்த கிழமை கணக்கப்பிள்ளை எங்கள் லயத்துப் பக்கம் வந்தார். இஸ்தோப்பில் ஏறவில்லை, குடையை ஊன்றி முற்றத்தில் நின்றார்.

“என்னா டீச்சரம்மா, புள்ள தேறிருச்சா?”

“இல்லைங்க.”

“நான் சொன்னேனா இல்லையா? சரி, திங்கக்கெழம பேர் பதியணும். பெரட்டுக்கு அனுப்பி வைங்க.”

அப்பா தலையாட்டினார். நான் அவரைப் பார்த்தேன். “பேச்சு பேச்சுதான்” என்றார், என்னைப் பார்க்காமல். தங்கை கதவுக்குப் பின்னால் நின்றாள். அவள் கையில் சர்க்கரை சுற்றி வந்த தாள் இருந்தது, அதை வாசித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

எனக்கு எல்லார் மேலும் கோபம். ஆபீசின் மேல், வராத வாத்தியார் மேல், உர மூட்டை மேல், நியாயமாகப் பேசுகிற அப்பா மேல். அந்தக் கோபத்தில்தான் அது வாயில் வந்தது.

“ஒரு பேர்தானே வேணும்? என் பேர எழுதிக்குங்க.”

கணக்கப்பிள்ளை சிரிக்கவில்லை. அப்பாதான் எழுந்தார். “ஒன்னப் படிக்க வச்சது இதுக்கா? நீ கூடை தூக்கக் கூடாதுன்னு நான் கடைக்குக்கூட ஒன்ன அனுப்பினதில்ல!”

“அவளும் தூக்கக் கூடாது அப்பா. ஏப்ரல் வரைக்கும் நான் போறேன். நத்த இருக்கா, அவ பெரியவளுக்கு வாசிப்புச் சொல்லிக் குடுப்பா. பெரியவ சின்னதுகளுக்குக் கணக்குச் சொல்லிக் குடுப்பா. நான் வந்து மிச்சத்தப் பாத்துக்கிறேன்.”

“அப்ப ஊரு என்னா சொல்லும்?”

“ஊரு எப்பவும் சொல்லிக்கிட்டுத்தானே இருக்கு” என்றாள் அம்மா. அவள் என் பக்கம் பேசுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பேசினாளா என்றும் நிச்சயமில்லை. உள்ளே போனாள். தன் பழைய கம்பளியையும் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கையும் கொண்டுவந்து என் மேல் எறிந்தாள். “அந்தச் செருப்போட மலைக்கு வந்தேன்னா அட்ட உள்ள பூந்துக்கும். கழட்டி வச்சுட்டு வா. வந்துட்டு நடுவுல ஓடக்கூடாது.”

திங்கட்கிழமை பெரட்டில் பெண்கள் எனக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். “ஒதுங்குங்கடி, எஸ்.எஸ்.ஸி. வருது” என்றாள் பக்கத்துக் காம்பரா அக்கா. “கொழுந்து எப்படிக் கிள்ளுறதுன்னு புஸ்தகத்துல போட்டிருக்கா தங்கச்சி?”

“போட்டிருந்தா ஒங்களுக்கு வாசிச்சுச் சொல்றேங்க்கா” என்றேன். அவள்தான் அன்று எனக்குக் கூடைக்கயிற்றை நெற்றியில் சரியாகப் போட்டுவிட்டாள். “என் பய ஒன் தங்கச்சிகிட்ட இருக்கட்டும், என்னா?” என்று போகிறபோக்கில் கேட்டுக்கொண்டாள்.

இது மூன்றாவது கிழமை. என் விரல்களில் சாறு கறுத்துப் போய்விட்டது. பேனா பிடித்தால் வழுக்குகிறது. கணக்கப்பிள்ளை தினமும் என் கூடையைக் கிளறி முற்றிய இலையைப் பொறுக்கி எறிகிறார். வீட்டுக்குத் திரும்பினால் இரட்டையர் மறுபடி வெண்கட்டி தின்றிருக்கிறார்கள்; நத்தை தங்கையின் காதைத் திருகியிருக்கிறாள்; தங்கை அவளைக் கிள்ளியிருக்கிறாள். என்ன பாடசாலை இது என்று அலுத்துப்போகிறது. ஆனால் தங்கை டிஸ்பென்சர் ஐயா வீட்டுத் தாளில் ஒரு பக்கத்தை இப்போது ஊகிக்காமல் வாசிக்கிறாள். மெதுவாகத்தான், அழகே இல்லாமல். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. “முந்தி நல்லா வாசிச்சா” என்கிறார்.

அவள் தேறுவாளா என்று எனக்குத் தெரியாது. நேற்று சாயங்காலம் கொழுந்து நிறுத்து முடிந்ததும் கணக்கப்பிள்ளையிடம் போனேன். ஏப்ரலில் பாடசாலைத் தவணை முடிகிற கிழமையில் ஒருநாள் வேலைக்கு வரமாட்டேன், தங்கையோடு மாத்தளைக்குப் போகிறேன் என்று சொன்னேன்.

“இப்பவே லீவு கேக்கிறியா? அன்னைக்குப் பாப்போம்” என்றார்.

“கேக்கலீங்க. சொல்லிட்டுப் போறேன்” என்றேன்.